மருதங்குட்டையில் யாரும் ஏறுவதில்லை

அந்தப் பௌர்ணமிக் காலையில் மருதங்குட்டை ரயில் ஹால்ட்டில் நானும் பளபளவென்று பாலிஷ் போட்ட ஒரு ஜோடி ஷூவும்தான் நின்றுகொண்டிருந்தோம்.

ஷூவுக்கு மேலே ஒரு மனிதரும் இருந்தார். ஆனால் முதலில் என் கண்ணில் பட்டது ஷூதான். எங்கள் ஹால்ட்டுக்கு அதுவரை யாரும் ஷூ போட்டு வந்ததில்லை. செம்மண்ணை மேடாகக் கொட்டி, ஓரத்தில் கருங்கல் அடுக்கியதுதான் எங்கள் பிளாட்பாரம். மழை பெய்தால் செருப்பையே கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வோம்.

அவர் மேட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். புளியமரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பூட்டிக் கிடந்த டிக்கெட் கொட்டகையின் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஏம்மா, இன்னிக்குப் பௌர்ணமிதானே?"

"ஆமா சார்."

"ஊரு உலகமே திருவண்ணாமலைக்குக் கிளம்புற நாளு. இங்க ஒரு ஈ காக்கா இல்லையே?"

"எல்லாரும் நேத்தே போயிட்டாங்க சார்."

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். தூரத்தில் வண்டியின் ஊதல் கேட்டது. அவர் யாரென்று ஷூவைப் பார்த்தபோதே ஊகித்துவிட்டேன். எங்கள் ஹால்ட்டை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்று பார்க்க வந்த ரயில்வே இன்ஸ்பெக்டர் அவர். பார்க்க வந்த நாளில், பார்ப்பதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன்.

பஸ்ஸில் கண்டக்டர் உண்டு

போன வாரம் இந்தத் தொடரில் டைப்ரைட்டிங் வகுப்பு பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகி தொலைபேசியில் பேசினார். "எதுக்கெடுத்தாலும் ரயிலைப் பிடிக்க ஓடினேன்னு எழுதுறீங்களே, பஸ்ஸே கிடையாதா உங்க ஊருக்கு?" என்று கேட்டார்.

உண்டு. ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனால் வேலூர் ரோடு. அங்கே நின்றால் பஸ் வரும். ஆனால் நைனாவுக்கு, எங்கள் அப்பாவுக்கு, பஸ் என்றாலே ஒரே ஞாபகம்தான். மேலத் தெருவிலிருந்து தினம் பஸ்ஸில் தையல் படிக்கப் போன ஒரு பெண், ஒரு நாள் கண்டக்டரோடு போய்விட்டாள். இப்போது இரண்டு பிள்ளைகளோடு ஆரணியில் நன்றாகத்தான் இருக்கிறாள். நைனாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை.

"ரயில்ல கண்டக்டர் கெடையாது" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலைக்குக் கலெக்டர் வந்த சமயத்தில்தான் நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். பிளஸ் டூ முடித்தபோது, இதற்குமேல் எதற்கு என்று சொந்தத்தில் எல்லோரும் கேட்டார்கள். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நைனா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

அம்மா தினமும் காலையில் பூக்கூடையோடு ரயிலேறித் திருவண்ணாமலைக்குப் போய்க் கோயில் பக்கம் விற்றுவிட்டுச் சாயங்கால வண்டியில் திரும்புவாள். நானும் அம்மாவோடு போக வேண்டும், அம்மாவோடு வர வேண்டும். பௌர்ணமிக்கு மட்டும்தான் விலக்கு. "நம்மூர்ல வண்டி நிக்கிற வரைக்கும் போ. நிக்கலன்னா, அன்னிக்கே புஸ்தகத்தைப் பரண்ல போட்டுடணும்" என்றார் நைனா.

அந்த வண்டி எங்கள் மேட்டில் ஒரு நிமிஷம் நிற்கும். அந்த ஒரு நிமிஷத்தின் மேல்தான் என் பட்டம் உட்கார்ந்திருந்தது. நான் ஏன் ஓடினேன் என்று இப்போது அந்த வாசகிக்குப் புரிந்திருக்கும்.

ஓட்டம் அப்போதே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் எனக்கு நிதானமாக நடக்க வராது. வேங்கிக்காலில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டால் தலையை நிமிர்த்தாமலே "செல்வி வந்தாச்சு" என்பார்கள்.

மேட்டின் சரித்திரம்

நகரத்துக்குப் பக்கத்தில், நாலு தெருவும் ஒரு குட்டையும் உள்ள ஓர் ஊருக்கு ரயில் ஏன் நின்றது? இதற்கு எங்கள் ஊரில் மூன்று பதில்கள் உண்டு.

ஒன்று, வெள்ளைக்காரன் காலத்தில் கரி எஞ்சினுக்கு எங்கள் கிணற்றில் தண்ணீர் பிடித்தார்கள் என்பது. கிணறு இருக்கிறது. ஆனால் அதில் மாசி பிறந்தால் தவளைக்கே தண்ணீர் போதாது.

இரண்டாவது, தண்டவாளத்துக்குக் கொட்டும் ஜல்லியை எங்கள் ஊர்ப் பாறையில்தான் உடைத்தார்கள், கல் உடைக்க வந்த ஆட்களை இறக்கிவிட வண்டி நின்றது, வேலை முடிந்த பிறகும் பழக்கத்தில் நின்றுகொண்டிருந்தது என்பது. எனக்கு இதுதான் பிடிக்கும். ஒரு ரயிலுக்குப் பழக்கதோஷம் இருக்கிறது என்று நினைத்தாலே சிரிப்பு வரும்.

மூன்றாவது பதில் ஏழுமலை மாமாவுடையது. இவர்தான் எங்கள் ஹால்ட்டில் டிக்கெட் விற்றவர். ரயில்வே ஆள் இல்லை, கமிஷனுக்கு விற்கிறவர். அவருடைய முப்பாட்டன் தண்டவாளத்தின் குறுக்கே படுத்து, "எங்க ஊருக்கு நிக்காத வண்டி எந்த ஊருக்கும் போவக்கூடாது" என்றாராம்.

"படுத்தாரா, குடிச்சிட்டு விழுந்து கெடந்தாரா?" என்று அம்மாவோடு பூ விற்கும் பச்சையம்மா அத்தை கேட்பாள்.

"எப்படியோ வண்டி நின்னுச்சா இல்லியா?"

கல்லூரியில் சரித்திர ஆசிரியரிடம் ஒரு தடவை கேட்டேன். இதையெல்லாம் யார் எழுதி வைக்கப் போகிறார்கள் என்றார். அப்போது பேசாமல் வந்துவிட்டேன். இப்போது நான் எழுதுகிறேன்.

மேட்டில் ஒரு பெயர்ப் பலகை இருந்தது. மூன்று மொழியில் எழுதியதில் இந்தி எழுத்தின் மேல் மட்டும் யாரோ எப்போதோ தார் பூசியிருந்தார்கள். பலகைக்குப் பின்னால் பார்த்தால் மலை தெரியும். கார்த்திகை தீபத்தன்று ஊரே மேட்டில் ஏறி நிற்கும், உச்சியில் ஜோதி தெரிந்ததும் பெண்கள் ரயிலுக்கு நிற்கிற அதே இடத்தில் விழுந்து கும்பிடுவார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கரி எஞ்சின்தான். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும், அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து ஊதி ஒற்றியெடுப்பாள். பிறகு டீசல் வந்தது. கண் பிழைத்தது, ஆனால் அந்தக் கூவல் போய்விட்டது.

இப்போது தண்டவாளமே இல்லை. அகலப் பாதைக்காகப் பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். இயந்திரம் ஒன்று வந்து அரை நாளில் மேட்டைக் கரைத்துவிட்டது. புது வண்டி எங்கள் ஊரில் நிற்குமா என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

சாயங்கால டிக்கெட்

எங்கள் ஊர்ப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

காலையில் பூக்காரிகள் கையில் காசு இருக்காது. கூடையில் சாமந்தி இருக்கும், கதம்பம் இருக்கும், துளசி இருக்கும். விற்றால்தான் காசு. ஏழுமலை மாமாவோ காலையில் மாட்டைக் கறந்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத்தான் வருவார். அவர் சைக்கிள் கொட்டகைக்கு வரும்போது வண்டியின் கடைசிப் பெட்டி வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்.

ஒரு காலத்தில், காசில்லாமல் மேட்டில் முழித்துக்கொண்டு நின்ற பெண்களைப் பார்த்து வண்டியின் கார்டு ஒருவர் மனமிரங்கி, "ஏறுங்கம்மா. சாயங்காலம் சேர்த்து வாங்கிக்கங்க" என்றாராம். அவர் அன்றைக்கு மட்டும்தான் சொன்னாரோ என்னவோ. எங்கள் பெண்கள் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார்கள்.

அதனால் காலையில் டிக்கெட் இல்லாமல் ஏறுவார்கள். திருவண்ணாமலையில் பிளாட்பாரத்தின் கோடியில் இறங்கி, சரக்கு இறக்கும் கூட்ஸ் ஷெட் பக்கமாகப் பூ மார்க்கெட்டுக்குப் போய்விடுவார்கள். சாயங்காலம் கவுண்ட்டரில் ஆளுக்கு இரண்டு டிக்கெட் வாங்குவார்கள். ஒன்று திரும்பிப் போவதற்கு, மற்றது காலையில் வந்ததற்கு. ஒரு நாள்கூடத் தவறியது கிடையாது. பூ விற்காமல் வாடிய நாளில்கூட ஒருத்தியிடம் ஒருத்தி கைமாற்று வாங்கி இரண்டு எடுப்பார்கள்.

அந்த இரண்டாவது டிக்கெட் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வந்து சேரும். தடித்த பழுப்பு அட்டை. நாங்கள் அதை அடுக்கி வைத்துச் சில்லால் அடிப்போம். ஆடுகிற மேஜைக்குக் காலடியில் வைப்போம். என் பாடப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக 'திருவண்ணாமலை – மருதங்குட்டை' இருக்கும். யாருமே பயணம் செய்யாத டிக்கெட்டுகள்!

இதில் ஏதோ இடிக்கிறது என்று எனக்கே தோன்றவில்லை. பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்தவள் நான். பெண்கள் ரயில்வேக்கு ஒரு பைசா பாக்கி வைக்கவில்லை. ஆனால் டிக்கெட் எல்லாம் விற்றது திருவண்ணாமலையில். மருதங்குட்டையில் ஏறுவதற்கு மருதங்குட்டையில் யாரும் டிக்கெட் வாங்கவில்லை. எங்கோ ஒரு ஊரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கிறவருக்கு, எங்கள் ஹால்ட்டில் ஆளே இல்லை.

கடைசி வருஷம் படிக்கும்போது ஏழுமலை மாமா சைக்கிளை ஸ்டாண்டு போடாமலே வந்து சொன்னார். "ஸ்டாப்பிங்க எடுக்கப் போறாங்களாம். பாக்கிறதுக்கு ஒரு ஆள் வருவாராம்."

எந்த நாள் என்று யாருக்கும் தெரியவில்லை. வந்தவர் எங்கள் மேல் இரக்கப்பட்டுத்தான் பௌர்ணமியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். கூட்டம் ஜாஸ்தியாக இருக்கும் நாளிலேயே பார்த்துவிடலாம் என்று. வெளியூர்க்காரர். பௌர்ணமித் திதி முந்தின நாள் சாயங்காலமே பிறந்துவிட்டதால் எங்கள் பூக்காரிகள் முந்தின நாள் காலையிலேயே போய், இரவெல்லாம் கிரிவலப் பாதையில் விற்று, மறுநாள் சாயங்காலம்தான் திரும்புவார்கள் என்று அவருக்கு யார் சொல்வது?

எதிர் பெஞ்சில்

வண்டி வந்தது. நான் ஏறினேன். அவரும் ஏறி என் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் கேட்காமலே என் மாதாந்திரப் பாஸை எடுத்துக் காட்டினேன். அதுவும் திருவண்ணாமலையில் எடுத்ததுதான்.

"காலேஜா? நல்லது, நல்லது" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து கதவருகே போனேன், திரும்பி வந்தேன். வேங்கிக்கால் பக்கத்துப் புது வீடுகள் தெரிய ஆரம்பித்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில் இவர் இறங்கிப் போய்விடுவார். என் புத்தகம் பரணுக்குப் போய்விடும்.

சொல்லிவிட்டேன். பூக்காரிகள், கார்டு சொன்னது, கூட்ஸ் ஷெட் வழி, சாயங்காலம் இரண்டு டிக்கெட், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

அவர் முகத்தில் இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். முகம் இறுகியது.

"அப்ப அத்தனை பொம்பளைங்களும் தினம் காலையில டிக்கெட் இல்லாமத்தான் வர்றாங்களா?"

"சார், அதான் சாயங்காலம்…"

"சாயங்காலம் வாங்குறது சாயங்கால டிக்கெட்டும்மா. காலையில வந்தது வித்தவுட்."

"நாளையிலேருந்து எல்லாரையும் ஹால்ட்டுலயே வாங்கச் சொல்றேன் சார்."

"நாளைக்கு வாங்குவீங்க, நான் வந்துட்டேனேன்னு. அதைக் கணக்குல எடுத்துக்க முடியாது. இதுவரைக்கும் வித்ததுதான் கணக்கு. ஆளு ஏறுறதுக்கு அத்தாட்சி வேணும்." குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "நாளைக்குக் காலையில டி.டி.ஆரோட கூட்ஸ் ஷெட் பக்கம் நிப்பேன். மத்தியானம் ரிப்போர்ட் போயிடும்."

வண்டி நின்றதும் ஷூ படியில் இறங்கிப் போனது. நான் கையில் பாஸோடு நின்றேன். ஹால்ட்டைக் காப்பாற்றப் போய், பெற்ற தாயைப் பிடித்துக் கொடுத்திருந்தேன்.

அன்றைக்குக் கல்லூரிக்குப் போகவில்லை. கால் தன்னால் கோயில் பக்கம் திரும்பியது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு, யார் காலையோ மிதித்துத் திட்டு வாங்கிக்கொண்டு நடந்தேன். அவர் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தது. அத்தாட்சி.

பாதி வழியில் சட்டென்று நின்றேன். பின்னால் வந்த சாமியார் என் மேல் மோதிக்கொண்டார்.

தேரடியில் ஒரு பஞ்சாயத்து

அம்மாவும் பச்சையம்மா அத்தையும் மற்றவர்களும் தேரடிப் பக்கம் கூடைகளை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். இரவெல்லாம் கண் விழித்ததில் எல்லோர் முகமும் வீங்கியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லா இருக்குதுடி ஒன் படிப்பு" என்றாள் பச்சையம்மா அத்தை. "வாய் இருக்குதுன்னு எல்லாத்தியும் கொட்டிட்டு வந்து நிக்கிற. ஏன், எங்க வீட்டு அடுப்புல இன்னா கொதிக்குதுன்னும் சொல்றதுதான?"

"அத்தை, நான் சொல்றதைக் கேளு."

"இன்னா கேக்கறது? நாளைக்கு ஏழுமலைகிட்ட ஆளுக்கு ஒரு டிக்கெட்டு வாங்கிப்போம். அந்தாளு மூஞ்சில காட்டுவோம். தீர்ந்துச்சு பேஜாரு."

"வாங்கினா ஸ்டாப்பிங் போயிடும். ஒரு நாள் வாங்கினது செல்லாதுன்னு சொல்லிட்டாரு. வாங்காதீங்க. அப்படியே வாங்க. பிடிக்கட்டும். ஃபைன் போடட்டும்."

கோத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"ஃபைன் போட்டா ரசீது குடுப்பாரு. ரசீதுல எந்த ஊர்ல ஏறினீங்கன்னு எழுதணும். அவரு கையால அவரே எழுதுவாரு. மருதங்குட்டைன்னு. அத்தனை பேருக்கும். அப்புறம் எப்படி அங்க யாரும் ஏறலன்னு ரிப்போர்ட் போடுவாரு?"

பச்சையம்மா அத்தை என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு கூடையில் கையை அடித்துச் சிரித்தாள். "ஏய் காசியம்மா, ஒம் பொண்ணு போலீசுக்கே புடிச்சிக் குடுத்து ஜாமீனும் எடுப்பாடி!"

அம்மா சிரிக்கவில்லை. நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள்.

"நான் ஒரு நாளும் திருட்டு ரயிலு ஏறினது கெடையாது" என்றாள்.

"யாரும்மா திருட்டுன்னு சொன்னது?"

"ஃபைனு யாருக்குப் போடுவாங்க? திருடினவளுக்குத்தான? பூவு விக்காத அன்னிக்கும் ரெண்டு டிக்கெட்டு எடுத்தவ நானு. நாலு பேரு பாக்க நிக்க வெச்சு எழுதிக்குவான். நாளைக்கு மார்க்கெட்டு பூரா பேசும்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஒங்கிட்ட பாஸ் இருக்குது. நீ நிக்கப் போறதில்ல."

அன்று சாயங்காலம் கவுண்ட்டரில் அம்மா வழக்கம்போல இரண்டு டிக்கெட் எடுத்தாள். வண்டியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வீட்டில் நைனா, "இன்னாவாம், நிக்குமா நிக்காதாமா?" என்று கேட்டார். அம்மா கூடையை உதறப் போனாள், நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

திறந்திருந்த கொட்டகை

மறுநாள் காலையில் மேட்டில் ஓர் அதிசயம் நடந்தது. டிக்கெட் கொட்டகை திறந்திருந்தது. ஏழுமலை மாமா வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதியோடு, டிக்கெட் பெட்டியை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, வாங்க. திருவண்ணாமலை, திருவண்ணாமலை!"

"பஸ்ஸா ஓட்டற?" என்றாள் பச்சையம்மா அத்தை. "மாட்ட யாரு கறந்தா?"

"கன்னுக்குட்டி குடிச்சிட்டுப் போவட்டும். எனக்குக் கமிஷன் போயிடும்போல இருக்குது, நீ வேற. எடு ஒரு டிக்கெட்டு."

"அத ஊறுகா போட்டு வெய்யி. நாளைக்கு வாங்கிக்கிறோம்."

பெண்கள் ஒவ்வொருவராகக் கொட்டகையைத் தாண்டிப் போய் நின்றார்கள். பௌர்ணமி வியாபாரக் காசு எல்லோர் மடியிலும் இருந்தது. அம்மா மட்டும் கொட்டகைக்கு முன்னால் நின்றுவிட்டாள். மடியிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள். வண்டி வளைவில் தெரிந்தது.

எல்லோரும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா வாங்கினால் மற்றவர்களும் திரும்பி வந்து வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வாயைத் திறந்தால் கெடுத்துவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அம்மா பையின் வாயைப் பிரித்தாள். உள்ளே பார்த்தாள். மறுபடியும் சுருக்கினாள்.

"கூடையத் தூக்கி உடு" என்றாள் என்னிடம்.

திருவண்ணாமலையில் இறங்கிக் கூட்ஸ் ஷெட் பக்கம் போனால், இன்ஸ்பெக்டரும் ஒரு டி.டி.ஆரும் நின்றிருந்தார்கள். எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. ஒரு பெட்டியின் இரண்டு வாசலிலிருந்தும் கூடை கூடையாக இறங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் மருதங்குட்டையா?"

"ஆமா சார்" என்றேன். "யாருகிட்டயும் டிக்கெட் இல்ல."

"கொட்டகை திறந்திருந்ததா இல்லையா?"

"திறந்திருந்தது சார். நாங்க வாங்கல."

அவருக்குக் கோபம் வந்தது. "விளையாட்டா இருக்கா? எத்தனை ஃபைன் ஆகும் தெரியுமா?"

"போடுங்க சார். எல்லாருக்கும் போடுங்க. ஆனா அங்க யாரும் ஏறலன்னு மத்தியானம் ரிப்போர்ட் எழுதப் போறீங்க. ஏறாதவங்களுக்கு எப்படி சார் ஃபைன் போடுவீங்க?"

டி.டி.ஆர் ரசீதுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார்.

"எழுதுய்யா" என்றார்.

முதலில் யார் என்று ஒரு கணம் யாரும் நகரவில்லை. அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் போனாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எங்க ஏறினீங்க?"

"மருதங்குட்டை." நிமிர்ந்து மறுபடியும் சொன்னாள். "மருதங்குட்டை ஹால்ட்டு. முழுசா எழுதுப்பா."

ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். பச்சையம்மா அத்தை சொன்னது மார்க்கெட் வரைக்கும் கேட்டிருக்கும். கடைசியில் நான் போய் நின்றேன்.

"டிக்கெட்?"

"இல்ல சார்."

இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டார். "நேத்து பாஸ் காட்டினியேம்மா?"

"நேத்து இருந்தது சார்."

பாஸ் என் கையிலிருந்த புத்தகத்துக்குள் இருந்தது. அதன் நுனி வெளியே தெரிந்தது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு டி.டி.ஆரிடம், "இந்தப் பொண்ணுக்கும் போடு. மருதங்குட்டை" என்றார்.

நான் திரும்பியபோது அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் அபராதத்தையும் தன் சுருக்குப் பையிலிருந்து கட்டினாள்.

கவுண்ட்டரில்

அவர் ரிப்போர்ட்டில் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் வண்டி நின்றது. அதற்கடுத்த மாதமும் நின்றது. நான் பரீட்சை எழுதி, பட்டம் வாங்கி, வேலை தேடி அலைந்த நாட்களிலும் எங்கள் மேட்டில் அந்த ஒரு நிமிஷம் நின்றது. ஏழுமலை மாமா மாட்டைக் கறக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டார். மாடுதான் சில நாள் ஒத்துழைக்கவில்லை.

ஆனால் அந்த நாளில் எனக்கு மறக்காமல் இருப்பது இதெல்லாம் இல்லை. அன்று சாயங்காலம் நடந்தது.

ஸ்டேஷனில் கூட்டம் வடிந்திருந்தது. பௌர்ணமி முடிந்துவிட்டதால் பிளாட்பாரம் முழுக்க நசுங்கிய பூவும் வாழையிலையுமாகக் கிடந்தது. நான் வழக்கம்போல அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தேன். வெற்றி பெற்றவள் நடக்கிற நடை. பெண்கள் கவுண்ட்டரில் வரிசையாக நின்றார்கள். முதலில் அம்மா.

"மருதங்குட்டை, ரெண்டு" என்றாள்.

ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். "எம்மா, இனிமே காலையில டிக்கெட் அங்கதான் வாங்கணும். ஏழுமலை மாமாகிட்ட."

"வாங்கறேன். நாளையிலேந்து வாங்கறேன்."

"அப்ப ஒண்ணு போதும்."

"இன்னிக்குக் காலீல வந்ததுக்கு?"

"அதுக்குத்தானே ஃபைன் கட்டின! டிக்கெட் காசும் சேர்த்துத்தாம்மா அதுல புடிச்சிருப்பாங்க."

அம்மா என்னை, நான் இன்னும் ஒன்றாம் வகுப்பில் இருப்பதுபோலப் பார்த்தாள்.

"அது திருடினதுக்கு" என்றாள். "இது ஏறினதுக்கு."

உள்ளே தேதி குத்தும் இயந்திரம் டக், டக் என்று இரண்டு தடவை அடித்தது. அம்மா இரண்டு அட்டைகளையும் எடுத்து மடியில் செருகிக்கொண்டு விலகினாள். பின்னால் நின்ற பச்சையம்மா அத்தை ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள்.

"எனக்கும் ரெண்டு."

அடுத்தவளும் இரண்டு என்றாள். அவளுக்கு அடுத்தவளும். வண்டி வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். அந்த வரிசை முடிகிற வரைக்கும் நான் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.